போதும் என்று சொன்னவரின் இலை

தஞ்சாவூரில் நான் படித்த காலத்தில் சர்வர் என்றால் தோளில் துண்டும் ஒரு கையில் நாலு டம்ளருமாக வருகிற மனிதர். என் மகள் படித்த காலத்தில் சர்வர் என்றால் குளிர்ந்த அறைக்குள் பூட்டி வைத்திருக்கும் ஒரு பெட்டி. இடைப்பட்ட காலத்தில் நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். பெயர் மாற்றம் என்பது என்னவென்று எனக்குத் தெரியும். அதற்கு மனு வேண்டும், விசாரணை வேண்டும், ஆட்சேபணை சொல்ல அவகாசம் வேண்டும், கடைசியில் ஓர் உத்தரவு வேண்டும். மனிதரிடமிருந்து பெட்டிக்குப் போன இந்தப் பெயர் மாற்றம் மட்டும் எந்த உத்தரவும் இல்லாமல் நடந்துவிட்டது. அதனால் என் மகளின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

கம்ப்யூட்டர் படித்தவர்களெல்லாம் விமானம் ஏறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. என் மகள் கம்ப்யூட்டர் படிக்கவில்லை. காவிரியில் தண்ணீர் வருமா வராதா என்று ஊரே வானத்தையும் செய்தித்தாளையும் மாறி மாறிப் பார்த்த காலத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, பாசனப் பொறியியல் படித்தாள். மேல்படிப்புக்கு அமெரிக்கா போனாள். போன சில வாரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அப்பா, எனக்கு வேலை கிடைச்சிருச்சு. யுனிவர்சிட்டியிலயே. சர்வர் வேலை."

மகளுக்கு வேலை கிடைத்தால் மற்ற தகப்பன்கள் என்ன கேட்பார்களோ தெரியாது. நான் கேட்டது, மாணவர் விசாவில் அதற்கு அனுமதி உண்டா என்று. உண்டு என்றாள். வளாகத்துக்குள், வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேற்படாமல் செய்யலாமாம். அனுமதியின் நகலை அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். இரண்டு முறை படித்தேன். ஒரு குறையும் இல்லை. குறையில்லாத காகிதம் கைக்கு வந்தால் எனக்கு எப்போதுமே சந்தேகம் வரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எந்த சர்வர் என்று கேட்டேன். பேராசிரியர்கள் சாப்பிடும் கூடத்தில் பரிமாறுகிற சர்வர் என்றாள்.

பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி போன் வைத்ததும் கேட்டாள். "படிக்கப் போன பொண்ணு எச்சித் தட்டு எடுக்கணுங்களா?"

விதிகளின்படி தடையில்லை என்றேன்.

"விதியைக் கேக்கலைங்க. உங்களைக் கேக்கறேன்."

பணிக்காலம் முழுவதும் எந்தச் சங்கடமான கேள்விக்கும் நான் சொல்லி வந்த பதிலையே அவளுக்கும் சொன்னேன். பரிசீலனையில் இருக்கிறது என்றேன். நான் வெட்கப்படுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதுவல்ல விஷயம். விஷயம் என்ன என்பதை அவளிடம் அதுவரை நான் சொன்னதே இல்லை.

என் தகப்பனார் பண்ணையாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தஞ்சாவூரில் அரசு விடுதியில் தங்கிப் படித்தேன். சாயங்காலங்களில் ஏதாவது வேலை கிடைத்தால் நல்லது என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஹோட்டலில் போய்க் கேட்டேன். முதலாளிக்கு என்னைப் பிடித்திருந்தது. சட்டை சுத்தமாக இருக்கிறது, பேச்சு மரியாதையாக இருக்கிறது, படித்த பையன் பரிமாறினால் கடைக்கு நல்லது என்றார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கல்லாப்பெட்டியைத் திறந்து மூடினார். பிறகு, பின்கட்டில் விறகு பிளக்க ஆள் வேண்டும், அதற்கு வேண்டுமானால் வா என்றார். சாப்பாட்டைத் தொடாத வேலை.

படிக்கிற பிள்ளைக்குப் பரிமாறுகிற வேலை கௌரவமா, கௌரவக் குறைச்சலா என்று மற்றவர்கள் விவாதிக்கலாம். அந்த விவாதத்தில் கலந்துகொள்ளும் தகுதி எனக்கு வரவில்லை. ஒரு வேலையைக் கீழானது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அது நமக்கு எட்ட வேண்டும். நான் விறகு பிளக்கவில்லை. விடுதிக்குத் திரும்பி, தேர்வாணையத் தேர்வுக்குப் படித்தேன். பின்னாளில் அதே ஹோட்டலுக்கு அலுவலக ஜீப்பில் போய் இறங்கிக் காபி குடித்தேன். காபி சுமார்தான்.

ஆக, மகள் சர்வர் என்றபோது எனக்குள் எழுந்தது வெட்கம் இல்லை. என்னவென்று தெரியாத ஒன்று. ஒரு கணம் பொறாமை மாதிரிகூட இருந்தது. அதைப் பரிசீலனையில் வைக்காமல் வேறென்ன செய்வது?

அந்த வேலையில் அவளுக்குத் தட்டு கனமாக இருந்ததில்லை. அவளை மிரட்டியது ஒரே ஒரு சொல். நம் ஊர்ப் பந்தியில் ஒருவர் போதும் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். முதல் போதும் மரியாதைக்கு. அதைக் கேட்டுக் கரண்டியை நிறுத்துகிறவன் பரிமாறத் தெரியாதவன். இரண்டாவது போதும் கூச்சத்துக்கு. கையை இலைக்கு மேல் குறுக்கே நீட்டிச் சொல்கிற மூன்றாவது போதும்தான் உண்மை, அதிலும் ஒரு அரைக் கரண்டிக்கு இடம் உண்டு. என் மகள் இந்த நடைமுறையை அப்படியே அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டாள். ஒரு வயதான பேராசிரியர் உருளைக்கிழங்கு மசியல் போதும் என்றிருக்கிறார். இவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி வைத்திருக்கிறாள். அவர் திகைத்துப்போய் மறுபடி போதும் என்றாராம். இவளுக்குக் குஷி, இன்னும் ஒன்று. மேற்பார்வையாளர் அம்மாள் அவளைத் தனியே கூப்பிட்டு, வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதை முதல் தடவையே நம்ப வேண்டும் என்று பாடம் எடுத்தார்களாம்.

"அப்பா, இங்க போதும்னா போதும்தான்" என்று போனில் சொல்லிச் சிரித்தாள். பழகிக்கொள்ள அவளுக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது. நன்றாகவே பழகிக்கொண்டாள்.

இங்கே எங்கள் காலனியில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. மகள் என்ன செய்கிறாள் என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டதற்கு என் மனைவி குரலைத் தாழ்த்தி, சர்வர் வேலை என்று உண்மையைச் சொன்னாள். அந்த அம்மாள் கண்ணை அகல விரித்து, பெரிய வேலையாயிற்றே, எங்கள் அண்ணன் பையன் அதில் சேரத்தான் சென்னையில் கோர்ஸ் படிக்கிறான் என்றார். என் மனைவி திகைத்துப்போய் வீட்டுக்குள் வந்துவிட்டாள். ஒரு வாரத்தில் காலனி முழுக்க என் மகள் அமெரிக்காவில் சர்வர் பார்க்கிறாள் என்று ஆகிவிட்டது. பாசனப் படிப்புக்கும் அந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அமெரிக்கா என்ற சொல்லுக்குப் பின்னால் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை. பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். கேட்காத தகவலைக் கொடுக்காமலிருப்பது குற்றமா என்றால், அதில் இரண்டு கருத்துகள் உண்டு.

இந்த நிலையில் நீடாமங்கலத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எங்களைப் போலவே ஒரு தலைமுறைக்கு முன் வயலில் நின்ற குடும்பம். மாப்பிள்ளை சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தார். அவருடைய தகப்பனார் காலமாகிவிட்டதால் எல்லாவற்றுக்கும் தாய்மாமன் முன்னால் நின்றார். நீடாமங்கலத்தில் உரக்கடை வைத்திருந்தவர். தொண்டையைச் செருமினாலே அவருடைய தங்கை, அதாவது மாப்பிள்ளையின் தாயார், பேச்சை நிறுத்திவிடுவார். பெண்ணும் கம்ப்யூட்டர், பையனும் கம்ப்யூட்டர், பொருத்தம் என்று அவர் சொன்னதாகத் தரகர் வந்து சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தரகர் ஜாதகத்துக்குப் போய்விட்டார்.

மகளும் அந்தப் பையனும் ஈமெயிலில் பேசிக்கொண்டார்கள். பிடித்திருக்கிறது என்று இரண்டு பக்கமும் சொல்லியாகிவிட்டது. மார்கழி விடுமுறைக்கு அவள் வந்தாள். தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் மாப்பிள்ளையின் தங்கைக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து பூ வைப்பதாகப் பேச்சு. அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் மூவரும் போனோம்.

சம்பா முற்றி அறுவடை தொடங்கியிருந்தது. வழியெல்லாம் அறுவடை மெஷின்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கும் நேரம். சமையல்காரர் ஒரே முகூர்த்தத்தில் மன்னார்குடியிலும் ஒரு கல்யாணத்தை ஒப்புக்கொண்டு, பரிமாறும் ஆட்களில் பாதியை அங்கே அனுப்பியிருந்தார். ஆள் பற்றவில்லை என்றதும் உறவுக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். என் மகள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினாள்.

அவள் பரிமாறியதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். ஒரு துளி சிந்தவில்லை. யாருக்கு எது தீர்ந்துவிட்டது என்று வரிசையின் முனையில் நின்றே கண்டுபிடித்தாள். மாப்பிள்ளையின் தாயார் என் மனைவியிடம், கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்கு இதெல்லாம் வருகிறதே அண்ணி என்று பூரித்துப்போனார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பந்தலின் ஜோடனையைப் பார்த்தேன்.

முதல் வரிசையில் முதல் இலை தாய்மாமனுக்கு. சாதத்தோடு இரண்டாம் முறை போனாள். அவர் போதும்மா என்றார். அவள் சரி என்று தலையசைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். ரசம் வந்தது. ஒரு கரண்டி விழுந்ததும் போதும் என்றார். மறு கரண்டி விழவில்லை. பாயசத்துக்கும் அப்படியே. பசியோடு இருந்த மனுஷர் கையை இலையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவில் பழகிய பழக்கம், சும்மா இருக்கும் கையைப் பார்த்ததும் இவள் குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்.

"முடிச்சிட்டீங்களா பெரியப்பா? எடுத்துரலாமா?"

பந்தியில் உட்கார்ந்திருக்கிறவரிடம், அதுவும் மோர் வருவதற்கு முன், அதுவும் தாய்மாமனிடம். பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சாப்பிட்டுத் திருப்தியானவர் இலையின் மேல்பாதியைத் தன் பக்கமாக மடக்குவார். தாய்மாமன் கீழ்ப்பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கமாக மடக்கினார், சாவு வீட்டில் மடக்குவது மாதிரி. எழுந்து கை கழுவி, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

செய்தி எனக்கு வந்து சேர்வதற்குள் மண்டபம் முழுவதும் போய்விட்டிருந்தது. மாப்பிள்ளையின் தாயார் என் மனைவியிடம், அண்ணன் வராமல் நாங்கள் எப்படி அண்ணி பூ வைக்க வருவது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மகள் வாளியோடு அப்படியே நின்றாள். என்ன தப்புச் செய்தோம் என்று அவளுக்குப் புரிந்த கணத்தை முகத்தில் பார்த்தேன்.

கோபத்துக்கும் நடைமுறை உண்டு. தாலுகா அலுவலகத்தில் மனு வாங்கும் ஜமாபந்தியில் எத்தனையோ கோபங்களைப் பார்த்தவன் நான். முதலில் கொஞ்சம் தாமதிக்க வேண்டும். பிறகு தண்ணீர் கொடுக்க வேண்டும். காரணம் கேட்பது கடைசியில். காரணத்தை முதலில் கேட்டால் மனு தள்ளுபடி. நான் முறைப்படி தாமதித்து, தண்ணீர் கொண்டுபோனேன். அவர் வாங்கவில்லை.

"இலையைத் தூக்கட்டுமான்னு கேக்குற வீட்டுல நாங்க சம்பந்தம் பண்ணணுமா? நீங்களே சொல்லுங்க."

குழந்தைக்குத் தெரியாது அண்ணே என்றேன்.

"பந்தியில யாராவது வேணும்னு கேட்டு வாங்குவாங்களா? தெரியாதுன்னா என்ன வளர்ப்பு அது?"

எனக்குத் தெரிந்த நடைமுறைகள் அத்தோடு தீர்ந்துவிட்டன. மாப்பிள்ளையின் தாயாரும் என் மனைவியும் வாசலுக்கு வந்து நின்றார்கள். அப்போது என் மகள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, எதிரில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, நான் அங்க சர்வர் வேலை பாக்குறேன்."

"அதான் தெரியுமே. கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர் இல்ல பெரியப்பா. தட்டு."

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். கூடம், பேராசிரியர்கள், மசியல், மேற்பார்வையாளர் அம்மாள், எல்லாம். அங்கே இரண்டாம் முறை கேட்டால் தப்பு, இங்கே கேட்காவிட்டால் தப்பு, கை மாறிவிட்டது பெரியப்பா, மனசில் ஒன்றுமில்லை என்றாள். அவர் எதிரே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் போய்விட்டதா, வேறு கோபம் வருகிறதா என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார்.

"அங்க ரெண்டாந்தடவை யாரும் கேக்கவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப கூச்சப்படுறவன் பட்டினிதான்."

"ஆமா பெரியப்பா. போன புதுசுல ஒரு வாத்தியார் வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டாங்க. இன்னும் கொஞ்சம் வேணுமான்னாங்க. நான் போதும்னேன். எடுத்து உள்ள வெச்சுட்டாங்க. ரூமுக்கு வந்து பிஸ்கட் தின்னேன்."

அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. ஆனால் மாப்பிள்ளையின் தாயார் தட்டு என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார்.

"எச்சித் தட்டெல்லாம் நீயா எடுப்பே?"

"நான்தான் அத்தை எடுப்பேன்."

அவர் என்னைத்தான் பார்த்தார். தாலுகா ஆபீஸில் இருந்த மனுஷன் இதற்கு எப்படிச் சம்மதித்தீர்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. என் மனைவி கேட்ட அதே கேள்வி. ஒரு வருஷத்துக்கு மேல் நிலுவையில் இருந்த கோப்பு. நான் அதை அங்கேயே, நின்ற நிலையில் முடித்து வைத்தேன்.

"எங்க குடும்பத்துல இந்த வேலைக்கு ரெண்டு பேர் கேட்டுப் போனோம்மா. ஒருத்தருக்குத்தான் கிடைச்சுது."

யாருக்கும் புரியவில்லை. என் மனைவிக்கும் புரியவில்லை. தாய்மாமன் மட்டும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எங்க கேட்டீங்க?"

"தஞ்சாவூர்ல. காலேஜ் படிக்கும்போது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டல்."

"தெருவைக் கேட்டானா?"

"கேட்டான்."

அவர் தலையை ஆட்டினார். அவரும் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு கல்லாவுக்கு முன்னால் நின்றிருக்கிறார் என்று நான் கேட்காமலே தெரிந்தது. என் மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் என் மனைவிக்கும் அன்று வீட்டுக்குப் போகிற வழியில்தான் நான் முழுதாகச் சொன்னேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கடைசிப் பந்தி இருக்கா? எனக்குப் பசிக்குது."

கடைசிப் பந்தியில் முதல் இலையில் அவர் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் என்னை உட்கார வைத்தார். என் மகள் சாதம் கொண்டுவந்தாள். போதும் என்றார். வைத்தாள். போதும்மா என்றார். இன்னும் வைத்தாள். இரண்டு கையையும் குறுக்கே நீட்டினார். அவள் நிறுத்தினாள். "இதான் போதும்" என்றார். பாயசத்துக்கும் இதே விசாரணை முழுமையாக நடந்தது. நான் எந்த இடத்திலும் போதும் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. அதனால் அன்று எனக்குச் சாப்பாடு அளவுக்கு மீறிப் போனது.

பரிமாற உதவிக்கு வந்த மாப்பிள்ளை, அப்பளக் கூடையோடு எங்கள் முன்னால் நின்று, அந்த வேலை தட்டுதான் என்பது தனக்கு முதல் ஈமெயிலிலேயே தெரியும் என்று சாவதானமாகச் சொன்னார். பின்னே ஏன்டா சொல்லவில்லை என்று அவருடைய தாயார் கேட்டார்.

"நீங்க கேக்கலையேம்மா. அவங்க பாக்குறதும் சர்வர், நான் பாக்குறதும் சர்வர். எது நின்னாலும் ஜனங்க ஒரே மாதிரிதான் கத்துறாங்க."

கேட்காத தகவலைக் கொடுக்காமலிருப்பதில் என் கட்சிக்கு ஓர் ஆள் சேர்ந்தது எனக்குத் திருப்தி. தாயார் சிரிக்கலாமா கூடாதா என்று அண்ணனைப் பார்த்தார். அண்ணன் இலையின் மேல்பாதியைத் தன் பக்கமாக மடக்கி, அழுத்தி விட்டு, எழுந்தார்.

அந்த வாரமே பூ வைத்தார்கள். அதன்பிறகு உரக்கடைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும், எங்கள் வீட்டுக்கு வரப்போகிற பெண் சர்வர், கம்ப்யூட்டர் இல்லைங்க, தட்டு என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தாராம். காலனியில் எதிர்வீட்டு அம்மாளிடம் என் மனைவி இந்த முறை குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். அந்த அம்மாள் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

மகள் திரும்பிப் போய்ப் படிப்பை முடிக்கும்வரை அந்த வேலையில் இருந்தாள். போன முதல் வாரமே போன் வந்தது. அந்த வயதான பேராசிரியர் மசியல் போதும் என்றாராம். இவள் கை அதுபாட்டுக்கு இன்னொரு கரண்டி வைத்துவிட்டதாம். மேற்பார்வையாளர் அம்மாள் கூப்பிட்டு எச்சரித்தார்களாம். எழுத்திலா, வாய்மொழியிலா என்று கேட்டேன். வாய்மொழியில்தான் என்றாள். வாய்மொழி எச்சரிக்கை பணிப்பதிவேட்டில் ஏறாது, தைரியமாக இரு என்று சொல்லி போனை வைத்தேன்.